நடுவில் கிழித்த பாய்

சங்கீதா, பிரபு, நம் படுதாத் தையல் கடையில் வேலை குறைவாக இருக்கும் ஒரு மதியம் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பையன்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். என் எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே போங்கள். நான் எட்டாவதோடு நின்றவன், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவேன்.

போன வாரம் சங்கீதா போனில் கேட்டாள். "அப்பா, இறால் குட்டைக்காரர் ஒருத்தர் வந்திருக்காரு. எந்தக் காத்துக்கும் அசையாத மாதிரி படுதாக் கூரை போட்டுத் தரணுமாம். முடியும்னு சொல்லிடவா?" பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

தையல் எப்படி ஓட்டுவது, ஓரத்தில் கயிறு கோக்கிற ரிங் எப்படி அடிப்பது என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்கள் கைக்கு வந்துவிட்டது. பிரபு அடிக்கும் ரிங் வரிசை என்னுடையதைவிட நேராக இருக்கிறது. லாரிப் படுதா, நெல் மூடும் படுதா, பந்தல் எது வந்தாலும் நீங்கள் சமாளிப்பீர்கள். நான் சொல்ல வந்தது, நம் தொழிலில் இல்லாத ஒரு பொருளை நம்மிடம் வந்து கேட்டபோது நடந்தது. நான் கடையை உங்கள் கையில் கொடுப்பதற்கு முந்தின ஆடி மாதம். பிரபு அப்போது திருப்பூரில் இருந்தான். சங்கீதாவுக்குக் குழந்தை பிறந்த சமயம். அதனால் உங்கள் இருவருக்கும் இது துண்டு துண்டாகத்தான் தெரியும்.

குரும்பகரத்திலிருந்து கலியபெருமாள் என்று ஒருவர் கடைக்கு வந்தார். விவசாயக் குடும்பம், அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. அந்தக் குடும்பத்தில் யாரும் முழங்காலுக்கு மேல் கடலில் நின்றதில்லை. ஆனால் இவருக்குப் படகு மேல் ஒரு ஆசை. பிளைவுட் பலகை வாங்கி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, நெல்லடிக்கிற களத்தில் வைத்து ஒரு சின்னப் படகைத் தானே செய்து முடித்திருந்தார். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறுவதென்றால் யோசிக்க வேண்டும். இன்ஜின் வைத்தால் பெட்ரோலுக்கு அழ வேண்டும் என்று பாய் கட்டி ஓட்டப் பார்த்தார். கடையில் விற்கிற பாயின் விலையைக் கேட்டுவிட்டு நேரே நம்மிடம் வந்துவிட்டார்.

"துணி நானே கொண்டாந்துட்டேன்ணே. தையக்கூலி மட்டும்தான்" என்று ஒரு சுருளை மேசையில் விரித்தார். பார்த்தால் காதணி விழாவுக்கு அடித்த பேனர். சொந்தக்காரர் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதக் கட்டுனா உங்க மச்சான் மூஞ்சிலதானே காத்து அடிக்கும்" என்றேன்.

"அடிக்கட்டும்ணே. சாப்புட்டுட்டு சொல்லிக்காமப் போன ஆளு."

பேனர் ஆகாது என்று எடுத்துச் சொன்னேன். கனம் அதிகம், மடித்த இடத்தில் வெடிக்கும். நெல் மூடுகிற வெள்ளைப் படுதாவில் கழிவாக நின்ற துண்டுகளே போதும், இலேசானது, மலிவு. பேனரை நான்கு மூலைக்கும் ஒட்டுப் போட மட்டும் எடுத்துக்கொண்டேன். அதனால் அந்தப் பாயின் ஒரு மூலையில் மச்சானின் மீசை மட்டும் கடைசிவரை இருந்தது.

பேச்சு முடிகிற நேரம், வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செல்வராணி இறங்கி வந்தார். நன்றாகப் பேசக்கூடிய பெண், அன்று நிதானமாகப் பேசினார்.

"தச்சுக் குடுங்கண்ணா, நான் வேணாங்கல. ஆனா ஒண்ணு. மொத நாளு தண்ணியில எறங்கி ஒழுங்காத் திரும்பி வரணும். ஏதாச்சும் ஒண்ணு பிஞ்சுது, ஒடஞ்சுதுன்னா, மறுநாளு அந்தப் பலகை எங்க மாட்டுக்கொட்டகைக்குக் கதவு. இவருகிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு புள்ளைங்க இருக்கு எங்களுக்கு."

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு பேனரைச் சுருட்டினார். விளையாட்டுப் பேச்சில்லை, உண்மையாகவே ஒத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. அந்த மனுஷன் களத்தில் வெயிலில் நின்று இழைத்த பலகை அத்தனையும் இப்போது நம் தையலை நம்பி நிற்கிறது.

அந்த அம்மா சொன்ன வார்த்தை என் மனதில் எப்படிப் பதிந்தது என்பதைக் கவனியுங்கள். 'எதுவும் பியக்கூடாது.' நமக்குத் தெரிந்த வேலைதானே அது. இரட்டைத் தையல் போட்டேன். சுற்றிலும் ஓரத்துக்குள் கயிறு வைத்து மடித்துத் தைத்தேன். மூலைகளில் பெல்ட் வைத்தேன். சதுரமான பாய். மேல் ஓரம் ஒரு மூங்கிலில், அந்த மூங்கில் படகின் நடுக்கம்பத்தில். கீழ் மூலைகள் இரண்டும் படகின் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கயிறு. பின்னாலிருந்து வரும் காற்றில் மட்டும் ஓடும், அது போதும் என்று பேசிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோட்டுச்சேரிமேட்டுக்குப் பக்கத்தில், ஆறு கடலில் விழுவதற்கு முன்னால் அகலமாகத் தேங்கி நிற்கும் இடத்தில் படகை இறக்கினோம். தைத்தவனும் ஏற வேண்டும் என்று நானே சொன்னேன். நாம் கட்டின படுதாவோடு முதல் நடைக்கு லாரியில் நாமும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்பது வழக்கம்தானே. கலியபெருமாள் கம்பத்தை நிறுத்தினார், நான் கயிறுகளைக் கட்டினேன். என்ன முடிச்சு போட்டிருப்பேன்? லாரிக்குப் போடுகிற முடிச்சுதான். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. அதன் மேல் இரண்டு சுற்று, கடைசியில் ஒரு பூட்டு.

கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த வேலாயுதம் வந்து நின்றார். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர், நம் கடைக்கும் பழக்கம்.

"என்ன டெய்லரே, இந்த இறுக்கு இறுக்குறீங்க? நெல்லு லோடா ஏத்தியிருக்கு?"

"இது சரியான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"பாயப் பத்தி என்னையக் கேட்டா? எங்கப்பா காலத்துலயே இன்ஜின் வந்துடுச்சு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் டீசல் வாடைதான். ஆனா ஒண்ணு சொல்றேன், ஆடிக் கச்சான் அடிக்குது. மேக்கேருந்து வர்ற காத்து. கடலப் பாத்துத் தள்ளும். பாதியிலயே நிப்பாட்டிக்குங்க."

பாதியில் பாயை அவிழ்த்துச் சுருட்டிவிட்டு, துடுப்புப் போட்டுத் திரும்புவதுதான் எங்கள் திட்டமும். ஆளுக்கொரு லாரி டியூப் காற்றடித்து வைத்திருந்தோம். தள்ளி ஏறினோம்.

முதலில் நடந்தது அழகு. காற்று பின்னாலிருந்து மெல்ல வந்து பாயை நிரப்பியது. படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. கலியபெருமாள் பின்பக்கம் உட்கார்ந்து, படகைத் திருப்பும் திசைப்பலகையைப் பிடித்திருந்தார். "அண்ணே, போவுதுண்ணே" என்றார். நான் நடுவில், கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து என் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இழை நெளியவில்லை.

பாதி தூரம் வந்ததும் காற்றின் திசை மாறவில்லை, ஆனால் காற்று கனத்துவிட்டது. கச்சான் அப்படித்தான், சொல்லிவிட்டு வராது. பாய் முட்டப் புடைத்தது. கம்பம் முனகியது. ஆற்று நீரும் அதே திசையில் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. எதிரே ஆற்றுவாய், அதைத் தாண்டி அலைகள் உடைந்து வெள்ளையாகத் தெரிந்தன.

"அண்ணே, அவுத்துடலாம்ணே."

வலப்பக்க முடிச்சில் கை வைத்தேன். கல்லாக இருந்தது. நைலான் கயிறு நனைந்து, அத்தனை காற்றின் இழுப்பும் சேர்ந்து, சுற்று சுற்றோடு ஒட்டிக்கிடந்தது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். இடப்பக்கமும் அப்படியே. மேல் மூங்கிலைத் தூக்கிக் கட்டிய கயிறு கம்பத்தின் முன்பக்கம் இருந்தது. அதை எட்ட நான் முன்னால் போனால் படகின் மூக்கு தண்ணீரில் குத்திவிடும். லாரி முடிச்சை எப்படி அவிழ்ப்போம்? லாரி நின்ற பிறகு, இழுப்பு இல்லாதபோது, கம்பியை உள்ளே விட்டு நெம்புவோம். கிளீனர் பீடி பற்றவைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யும் வேலை. ஓடும்போது அவிழ்க்க வேண்டி வரும் என்று நம் தொழிலில் யாரும் யோசித்ததே இல்லை. அவிழாததுதான் நமக்குப் பெருமை.

என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் துணி வெட்டும் சின்னக் கத்தியை எடுத்தேன். கலியபெருமாள் பின்னாலிருந்து கையை நீட்டினார்.

"குடுங்கண்ணே, எங்கிட்டக்க இருக்குற கயித்த அறுத்துடுறேன்."

நியாயமாகத் தோன்றும். அறுத்தால் பாய் தளரும், நாளை வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம், பாய்க்குச் சேதமில்லை. ஆனால் எனக்கு அந்த நிமிடம் வைக்கோல் லாரி ஒன்று நினைவுக்கு வந்தது. ஓட்டத்தில் ஒரு பக்கக் கயிறு மட்டும் அறுந்து, படுதா மறுபக்கம் சுருண்டு, லாரியையே சாலையை விட்டு இழுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தவன். லாரிக்கே அந்தக் கதி. இந்தப் பலகை எம்மாத்திரம்? ஒரு மூலை விட்டதென்றால் பாயின் இழுப்பு முழுவதும் மற்ற மூலைக்குப் போகும். படகு பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலையில் கவிழும்.

"ஒரு பக்கம் அறுத்தா கவுந்துடும். நடுவுல கிழிக்கப் போறேன்."

"வேணாம்ணே. பாயக் கிழிக்காதீங்க. கிழிஞ்ச பாயோட போயி அவ முன்னாடி நின்னா கதவுதாண்ணே."

"பலகை கதவாவட்டும். நாம கரைக்குப் போவணும். திசைய விட்டுடாம நேராப் புடிங்க, மத்தத நான் பாத்துக்குறேன்."

அவர் பிடித்தார். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் திசைப்பலகையை ஒரு விரல்கூட நகர விடவில்லை. அவர் நேராகப் பிடித்ததால்தான் நான் செய்தது பலித்தது.

புயல் காலத்தில் நெற்குவியல் மேல் படுதா காற்றை அடைத்துக்கொண்டு எழும்பினால் என்ன செய்வோம்? ஓரத்தைப் பிடித்து இழுக்கிறவன் தூக்கி எறியப்படுவான். தெரிந்தவன் நடுவில் கத்தியை வைப்பான். ஒரு படுதா போகும், மற்றதெல்லாம் நிற்கும். அதைத்தான் செய்தேன். மண்டியிட்டு, கம்பத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, எட்டிய உயரத்தில் கத்தியைச் செருகிக் கீழே இழுத்தேன். துணி வெண்ணெயாக விட்டது. கீழ் ஓரத்துக்கு வந்ததும் கத்தி நின்றுவிட்டது. நானே உள்ளே வைத்துத் தைத்த கயிறு. அதை இழை இழையாக அறுக்க வேண்டியிருந்தது. ஆற்றுவாய் நெருங்கிக்கொண்டே வந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

கடைசி இழை விட்டதும் மிச்சத்தைக் காற்றே பார்த்துக்கொண்டது. கீழிருந்து மேல் மூங்கில்வரை பாய் இரண்டாகப் பிளந்தது. இரண்டு பாதியும் இரண்டு பக்கமும் கொடி மாதிரி படபடத்தன. இழுப்பு இரண்டு பக்கமும் சமமாக விட்டதால் படகு திரும்பவில்லை, வேகம் மட்டும் செத்தது. இரண்டு பேரும் துடுப்பை எடுத்துக்கொண்டு தென்பக்க மணல்திட்டை நோக்கிப் போட்டோம். அடிப்பலகை மணலில் உரசிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

வேலாயுதம் கரையோடு ஓடி வந்து, தண்ணீரில் இறங்கிப் படகின் மூக்கைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. எங்களைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"ஏன் டெய்லரே, பாய்க்கு வகிடு எடுத்து வுட்டுருக்கீங்க?"

சிரிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. ஆனாலும் சிரித்தோம். அப்போதுதான் அவர் பின்னால் செல்வராணி வருவது தெரிந்தது. வரமாட்டேன் என்று சொன்னவர், பஸ் ஏறி வந்து கரையில் நின்று அத்தனையும் பார்த்திருக்கிறார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். கணவரை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டார். பிறகு பாயின் கிழிந்த ஓரத்தை எடுத்து விரலால் தடவினார்.

"தானாப் பிஞ்சுதா?"

கலியபெருமாள் துடுப்பைப் படகுக்குள் வைத்தார்.

"இல்லம்மா. நான்தான் அறுத்தேன்" என்றேன்.

"ஏன்?"

நடந்ததைச் சொன்னேன். முடிச்சைக் காட்டினேன். அது இன்னும் அப்படியே இறுகிக் கிடந்தது. அவர் குனிந்து இழுத்துப் பார்த்தார்.

"இது யாரு போட்டது?"

"அதுவும் நான்தான். லாரிக்குப் போடுற முடிச்சு."

கலியபெருமாள் படகின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கதவுக்கு அளவெடுப்பதைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"பிஞ்சா கதவுன்னுதான் சொன்னேன்" என்றார் செல்வராணி. "இது பியல. பியாததுதான் வம்பாயிருக்கு. மறுபடி தச்சுக் குடுங்கண்ணா. ஆனா இனிமே இவரு தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடி, எங் கண்ணு முன்னால காத்துல கட்டி, ஒரே இழுப்புல அவுத்துக் காட்டணும். நீங்க இல்ல, இவரு அவுக்கணும். அது நடக்கலன்னா கதவு."

"நடக்கும்மா" என்றேன்.

அவர் கணவரைப் பார்த்துத் திரும்பினார். "இட்லி கொண்டாந்துருக்கேன். ஈர லுங்கியோட நிக்காதீங்க."

பிள்ளைகளே, என் முப்பாட்டன் காலத்துத் தத்துவம் எதுவும் இதில் இல்லை. வாடிக்கைக்காரர் வந்து எதுவும் பியக்கூடாது, அசையக்கூடாது, அவிழக்கூடாது என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். தலையாட்டுவதற்கு முன்னால் நீங்கள் இன்னொன்று கேளுங்கள். "இது எப்ப, எவ்வளவு அவசரத்துல கழட்ட வேண்டி வரும்? அப்ப யாரு பக்கத்துல இருப்பா?" அந்த இறால் குட்டைக்காரரிடமும் இதையே கேள் சங்கீதா. புயல் வரும் அன்று கூரை நிற்க வேண்டுமா, குட்டையும் ஆட்களும் நிற்க வேண்டுமா என்று அவரே சொல்லட்டும். காற்று மிஞ்சினால் முதலில் எந்த இடம் விட வேண்டும் என்பதை நாம் முடிவு செய்து தைக்க வேண்டும். நாம் முடிவு செய்யாவிட்டால் காற்று முடிவு செய்யும். அதற்கு நம் வாடிக்கைக்காரரைத் தெரியாது.

இன்னொன்று. கையில் கத்தி இருக்கும்போது எதை அறுப்பது என்பதில் சேதத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். விலை குறைந்ததை அறுக்கத்தான் முதலில் கை போகும். அறுத்த பிறகு மிச்சமெல்லாம் எந்தப் பக்கம் சாயும் என்று பாருங்கள். அன்று நாற்பது நினைப்பு ஓடியிருக்கும் எனக்கு, எல்லாம் படுதாவில் கற்ற நினைப்புதான். முடிச்சை அங்கே கொண்டுபோய்ப் போட்டதும் நம் தொழில், கத்தியை நடுவில் வைத்ததும் நம் தொழில். ஆகவே தெரிந்த தொழிலை வைத்துத் தெரியாத வேலையை எடுக்க அஞ்ச வேண்டாம். எடுங்கள். தாராளமாக எடுங்கள்.

பாயைத் திரும்பத் தைத்தபோது கிழிசலை மூடித் தைக்கவில்லை. இரண்டு ஓரத்தையும் மடித்து ரிங் அடித்தேன். ஒரு பக்கத்துக் கயிற்று வளையத்தை மறுபக்கத்து ரிங்கில் நுழைத்து, அதற்குள் அடுத்த வளையம், அதற்குள் அடுத்தது என்று மேலிருந்து கீழ்வரை சங்கிலியாகக் கோத்தேன். கூடாரத்துக்குக் கதவு வைக்கும்போது நீங்கள் செய்வீர்களே, அதுதான். கீழே கடைசி வளையத்தில் ஒரு மரக்குச்சி. குச்சியை உருவினால் மொத்தமும் விட்டுவிட வேண்டும். மூலைக் கயிறுகளுக்கும் ஒரே இழுப்பில் வருகிற சுருக்கு. செல்வராணி முன்னால் கலியபெருமாள் அதைக் கட்டி அவிழ்த்துக் காட்டினார். அந்த மாட்டுக்கொட்டகைக்கு இன்றும் தகரக் கதவுதான்.

அப்படி அவிழ்த்துப் பார்க்க அவர்கள் இரண்டு பேரும் வருவதற்கு முந்தின ஞாயிறு, கடை பூட்டியிருந்த காலையில், நான் மட்டும் கடைக்குப் பின்னால் போனேன். இரண்டு தென்னைக்கு நடுவில் பாயைக் கட்டினேன். வாளியில் தண்ணீர் எடுத்து முடிச்சுகள் ஊறும்வரை ஊற்றினேன். கச்சான் நன்றாக அடித்தது, பாய் முட்டப் புடைத்தது. ஒரு பலகையைத் தரையில் போட்டு, படகில் உட்கார்ந்த மாதிரியே அதன் மேல் பாய்க்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். கம்பத்துக்குப் பதிலாக நடுவில் நட்டிருந்த கழியை வலது கையால் அணைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் தடவிக் குச்சியைத் தேடினேன். கிடைத்தது. உருவினேன். சடசடவென்று மேல்வரை விட்டுக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு என் முகத்துக்கு நேரே ஒன்றும் இல்லை, பாயின் வழியே போகும் காற்று மட்டும்தான். கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு எழுந்து, திரும்ப முதல் வளையத்திலிருந்து கோக்க ஆரம்பித்தேன்.